ஜீன் அரசநாயகம்: யாழ்ப்பாண வாசகர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கண்டிக் கவிஞர். பெயரின் பின்பாதியோ யாழ்ப்பாணத்து நவாலிப் பெயர். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. உயர்தர மாணவர், ஆங்கில இலக்கியம் படிப்போர், மொழிபெயர்க்க ஆசைப்படுவோர், வாசிப்பு வட்டம் நடத்துவோர் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஜீன் அரசநாயகம் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1930களின் தொடக்கத்தில் கண்டியில் ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் சொலமன்ஸ். கண்டியில் பள்ளிப்படிப்பு, பேராதனையில் பல்கலைக்கழகப் படிப்பு, பிறகு ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. தொழில் ஆங்கிலம் கற்பித்தல். யாழ்ப்பாணத்தவரான தியாகராஜா அரசநாயகத்தை மணந்தார். கணவரும் எழுத்தாளர், ஓவியமும் வரைவார். கண்டியிலேயே வாழ்ந்து 2019 யூலையில் காலமானார்.

முதல் கவிதை நூல் ‘கிந்துரா’ 1973இல் வந்தது. அதன் பிறகு கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், நினைவுக்குறிப்பு என்று நிற்காமல் எழுதினார். 2017ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு அவருக்குக் கிடைத்தது. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு, தம் தாயாரின் குடும்பப் பெயரில் 1992இல் தொடக்கிய பரிசு அது. பறங்கியர் வழிவந்த ஒருவர் வைத்த பரிசு இன்னொரு பறங்கிப் பெண்ணுக்கு முதுமையில் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

அவர் தமிழரா?

பிறப்பால் இல்லை. எழுதிய மொழியும் ஆங்கிலம். தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். இதை இங்கேயே தெளிவாக்கிக் கொள்வது நல்லது. ஏனெனில் அவரைப் பற்றிய கட்டுரைகளில் வருகிற பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. ‘தமிழ்ப் பெண் கவிஞர்’ என்று எழுதுவோர் ஒரு பக்கம், ‘தாய் பறங்கி, தகப்பன் தமிழர்’ என்று எழுதுவோர் மறு பக்கம். இரண்டும் தவறு. தாயும் தகப்பனும் இரு இனத்தவராக இருந்தது அவருடைய பிள்ளைகளுக்குத்தான்.

ஆனால் 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் (கறுப்பு யூலை) வீடு தேடி வந்த கும்பலுக்கு இந்த வேறுபாடெல்லாம் தேவைப்படவில்லை. அது தமிழ்க் குடும்பமாகவே பார்க்கப்பட்டது. அண்டை வீட்டிலும் பிறகு அகதி முகாமிலும் தங்க நேர்ந்தது. பிறப்பால் கிடைக்காத அடையாளம் ஆபத்தின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது என்பதை அவருடைய கவிதைகள் மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கின்றன.

அப்படியானால் ‘கலப்பு மரபு’ என்பது எதனுடைய கலப்பு?

இரண்டு அடுக்கு. ஒன்று, பறங்கியர் என்ற அடையாளமே கலப்பில் உருவானது. ஒல்லாந்தக் கம்பனியோடு வந்த ஆண்கள் இங்கேயே குடும்பம் அமைத்தார்கள். பெயரும் வம்சாவளியும் தகப்பன் வழியில் எழுதி வைக்கப்பட்டன. தாய் வழியில் வந்த உள்ளூர்ப் பெண்கள் பலர் பெயரில்லாமல் போனார்கள். கொழும்பிலுள்ள ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 முதல் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிப் பட்டியல்களைப் புரட்டினால் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும்: ஐரோப்பிய முப்பாட்டனின் ஊரும் கப்பலும் இருக்கும், முப்பாட்டிக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். ஜீனுடைய மூதாதையர் கவிதைகள் இந்த இடைவெளிக்குள்தான் நுழைகின்றன. ‘ஒரு காலனித்துவ மரபுரிமை’ என்று பொருள்படும் 1985ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பே இதைச் சொல்லிவிடும். வந்தவனின் இரத்தமும் வெல்லப்பட்டவளின் இரத்தமும் ஒரே உடம்பில் ஓடுவதை என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

இரண்டாவது அடுக்கு திருமணத்தால் வந்தது. கிறிஸ்தவ, ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து சைவ ஆசாரமுள்ள யாழ்ப்பாணக் குடும்பத்துக்குப் போனது.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் ஏராளமானோர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜீன் போகவில்லை. இங்கேயே நின்று எழுதினார் என்பது அவர் கவிதையின் தொனியை விளங்கிக்கொள்ள உதவும். ஊரை விட்டுப் போனவரின் ஏக்கம் அதில் கிடையாது, இருந்தும் முழுதாகச் சேராதவரின் உறுத்தல்தான் உண்டு.

யாழ்ப்பாணத்தோடு அவருக்கு என்ன தொடர்பு?

புகுந்த வீட்டுத் தொடர்பு. 1984இல் வந்த அவருடைய நூலொன்றின் தலைப்பு வைரவரையும் நவாலியில் கழிந்த ஒரு சிறுபிராயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மானிப்பாய்க்குப் பக்கத்திலுள்ள நவாலி ஏற்கெனவே ஒரு கவிஞரின் பெயரோடு ஒட்டிய ஊர். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் பாடிய சோமசுந்தரப்புலவர் (1878–1953) அந்த ஊரவர். ஊரை உள்ளிருந்து பாடியவர் புலவர், மருமகளாக வந்து வாசலில் நின்று பார்த்தவர் ஜீன். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கலாம். வகுப்பறைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. ஆனால் ஒப்பீட்டுக் கட்டுரை என்ற பெயரில் இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கப் போனால் பிழையாகிவிடும்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

பெரும்பாலானோர் 1983 கவிதைகளில் தொடங்குகிறார்கள். நாங்கள் சொல்வது வேறு வரிசை.

முதலில் மூதாதையர் கவிதைகள் நான்கைந்து. அடுத்து மாமியாரையும் புகுந்த வீட்டையும் பற்றியவை. அதற்குப் பிறகு ‘நல்லூர்’. கடைசியாக 1984இல் வெளிவந்த, 1983ஐ ஊழிக்காலம் என்று பெயரிட்ட தொகுப்பிலிருந்து எடுத்தவை. கலவரத்தில் தொடங்கினால் அவர் ஒரு சாட்சியாக மட்டும் தெரிவார். ‘எங்களுக்காக ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினாரே’ என்ற நன்றியோடு புத்தகம் மூடப்பட்டுவிடும். மூதாதையரில் தொடங்கினால், வன்முறையைச் செய்தவர்களின் வாரிசாகவும் வன்முறைக்கு ஆளானவராகவும் தன்னை ஒரே நேரத்தில் பார்க்கிற ஒருவர் 1983இல் என்ன எழுதுவார் என்ற எதிர்பார்ப்போடு போகலாம். அப்போதுதான் அந்தக் கவிதைகளின் நடுக்கம் தெரியும்.

ஒரே நூல்தான் கையில் கிடைக்கும் என்றால், 1991இல் லண்டன் பொரஸ்ட் புக்ஸ் வெளியிட்ட தொகுப்பைத் தேடுங்கள். சிவந்த நீர் தெளிந்தோடுவதைத் தலைப்பாகக் கொண்டது. கதை வேண்டுமென்றால் 1995இல் பெங்குவின் இந்தியா வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு.

‘நல்லூர்’ கவிதையை எப்படி வாசிப்பது?

முதல் வாசிப்பில் கருத்துத் தேட வேண்டாம். கவிதையில் வருகிற பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். விழுந்த ஓலைகள், காய்ந்த சுள்ளிகள், கைவிடப்பட்ட உவர்க் கிணறுகள், மணற்கும்பிகள், துளை விழுந்த சுண்ணாம்புக்கல், கருகிய கோயில் கல், எரிந்த வாகனங்கள். இவை எல்லாம் குடாநாட்டின் உண்மையான பொருள்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் மண், கரையோரம் போகப் போக உவர்க்கிற கிணறு. வெளியூர் வாசகருக்கு இவை வெறும் பாழ்நிலக் காட்சி. இங்குள்ளவருக்கு அடையாளம் தெரிந்த இடங்கள். கவிஞர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதற்கு அந்தக் கிணறுகளே போதும்.

இரண்டாம் வாசிப்பில் கடவுள் எங்கே வருகிறார் என்று பாருங்கள். ஆறுமுகனின் பன்னிரண்டு கண்களும் இருளில் மூடுகின்றன. மனிதர் சண்டையிலிருந்து தெய்வங்கள் முகம் திருப்பிக்கொள்கின்றன. கவிதையின் முடிவில் தீர்த்தம் கசக்கிறது, கோயில் வாசலில் துப்பாக்கிகள் குறி பார்த்து நிற்கின்றன. பக்தர் இதை நிந்தனையாக எடுப்பதுண்டு. ஆனால் நம்முடைய பதிகங்களிலேயே சுவாமியோடு உரிமையாகச் சண்டை பிடிக்கிற மரபு இருக்கிறது. சுந்தரர் கேட்காத கேள்வியையா இவர் கேட்டுவிட்டார்? வேறுபாடு ஒன்றுதான்: சுந்தரர் தோழராகக் கேட்டார், இவர் அந்த உரிமையைக் கோராமல், கண் மூடியதை மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

மூன்றாம் வாசிப்பு ஆண்டுக்காக. தலைப்பில் 1982 என்று இருப்பதைக் கவனிக்காமல் ‘கறுப்பு யூலைக் கவிதை’ என்று எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் உண்டு. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. கவிதைக்குப் பின்னால் இருக்கும் காற்று அது.

1983 கவிதைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

முகாம் வாழ்க்கையின் சின்னச் சின்ன விபரங்களை. வரிசையில் நிற்பது, பிறர் தரும் உடுப்பு, ஒரே மண்டபத்தில் முன்பின் அறியாதவரோடு படுப்பது. ஆசிரியராக மரியாதையோடு வாழ்ந்த ஒருவர் ஓர் இரவில் எண்ணிக்கையில் ஒன்றாகிறார். இன்னொன்று, ஆண்டுகளையே தலைப்பாகக் கொண்ட கவிதை: 1958, 71, 77, 81, 83. நடுவில் 71 இருப்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தெற்கின் சிங்கள இளைஞர் கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டு. தமிழர் துயரப் பட்டியலுக்குள் அதையும் சேர்த்து எழுதியது தற்செயலாக நடந்ததல்ல. இந்த ஒரு எண்ணை விளக்காமல் எழுதப்படும் எந்தக் கட்டுரையும் அரைகுறைதான்.

மாமியாரைப் பற்றி எழுதியவை எங்களைக் குறைத்துப் பேசுகின்றனவா?

இது கூட்டங்களில் கொஞ்சம் சூடாகவே கேட்கப்படும் கேள்வி. இல்லை என்று சட்டென்று மறுப்பதும் சரியில்லை. புகுந்த வீட்டின் ஆசாரம் தன்னை வாசலுக்கு வெளியே நிறுத்தியதை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். சாதியும் சமயமும் துடக்கும் துப்புரவும் எப்படி வேலை செய்கின்றன என்பதை மருமகளின் கண்ணால் பார்க்கிறார். படிக்கும்போது சுடும்.

ஆனால் அதே கவிதைகளில் மாமியாரின் நிமிர்வின் மேல் ஓர் வியப்பும் இருக்கிறது. எந்த அந்நியனுக்கும் தன் பூசையறையை விட்டுக்கொடுக்காத ஒரு பெண்ணை, அந்நியரின் பேத்தி பார்க்கிறாள். ‘உன் முன்னோர் எங்கள் கோயிலை இடித்தவர்கள்’ என்று மாமியார் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, மருமகளுக்கே அது தெரியும். (இடித்தவர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் அல்ல என்று வரலாறு படித்தவர் குறுக்கிடுவார். சரிதான். வீட்டு வாசலில் அந்தக் கணக்கு எடுபடாது.) கோபத்தையும் மதிப்பையும் பிரிக்காமல் வாசித்தால் கவிதை நிற்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் அது குடும்பப் புகாராகச் சுருங்கிவிடும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

புத்தகக்கடையில் கிடைப்பது கடினம். பல தொகுப்புகள் சிறு அளவில் அச்சானவை, மறுபதிப்பும் இல்லை. தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், அடுத்து பொது நூலகம், பிறகு பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய நூலகம். ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டும் ‘நூலகம்’ நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளில் வந்த மதிப்புரைகளையும் நேர்காணல்களையும் தேடலாம்.

பட்டியலில் தேடும்போது நடக்கும் சிக்கல்: பெயர் பல விதமாகப் பதியப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அரசநாயகம் என்பதில் ‘ந’வுக்குப் பிறகு வரும் உயிர் ஒற்றையாகவும் இரட்டையாகவும் எழுதப்படும். முன்பெயரால் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுவது பாதுகாப்பானது. கணவரும் மகளும் எழுதியவர்கள் என்பதால் பட்டியலில் மூவருடைய நூல்களும் கலந்து வரும். எடுக்கும் முன் முன்பெயரைச் சரிபாருங்கள்.

கைக்கு வந்த நூலைப் படியெடுப்பதென்றால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கட்டாயம் சேர்த்து எடுங்கள். கவிதையை மட்டும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து, எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்று தெரியாமல் முழிப்பது வழக்கமாக நடக்கிறது. ஒரே கவிதை இரண்டு மூன்று தொகுப்புகளில் வந்திருக்கும்.

தமிழில் மொழிபெயர்க்க விரும்புகிறேன். எங்கே இடறும்?

முதல் இடறல் தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் முடிந்துவிடும். தமிழில் ‘நாம்’ என்றா ‘நாங்கள்’ என்றா எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். வேறு கவிஞர்களிடம் இது சின்ன விசயம். இவரிடம் கவிதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. முகாமில் ‘நாம்’ என்று எழுதினால் வாசிக்கும் தமிழரையும் சேர்த்துக் கொள்கிறார். ‘நாங்கள்’ என்றால் பறங்கிக் குடும்பத்தையோ தன் வீட்டாரையோ மட்டும் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் பாசத்தில் எல்லா இடத்திலும் ‘நாம்’ போட்டுவிடுவார். அத்தோடு கவிஞர் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடுவார், கவிதை முடிந்துவிடும்.

செய்யவேண்டியது: மூலத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யார் யார்?’ என்று பென்சிலால் பெயர் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் வினைமுற்றை மாற்றி அந்தச் சொல்லையே தவிர்க்கலாம். ‘நடந்தோம்’ என்றால் போதும், எந்தப் பன்மை என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் தருகிற இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, முன்னிலை. மூதாதையனை அழைக்கும் இடத்தில் ‘நீ’ போடுவதா, ‘நீர்’ போடுவதா? யாழ்ப்பாணத்தில் ‘நீர்’ நெருக்கமும் ஒரு சிறு தூரமும் சேர்ந்தது. குற்றம் சாட்டும்போதும் மரியாதை முழுதாக விழாமல் பிடித்து நிறுத்தும். எங்கள் தெரிவு பெரும்பாலும் அதுதான். மாமியாருக்கு ‘நீங்கள்’. அதில் விவாதமே இல்லை.

மூன்றாவது, தமிழ்ச் சொற்கள் திரும்பி வரும்போது நடப்பது. தீர்த்தம், வேல், கோபுரம் என்று ஆங்கிலக் கவிதைக்குள் கரடுமுரடாக நின்ற சொற்கள் தமிழில் வழுக்கிப் போய்விடும். அவற்றை அப்படியே விடுங்கள். ‘புனிதத் தீர்த்தம்’, ‘வெற்றிவேல்’ என்று அடை சேர்க்கத் தொடங்கினால் திருவிழா மலர் போலாகிவிடும்.

நான்காவது, ஓசை. அவருடைய வரிகள் குட்டையும் நெட்டையுமாக வரும், யாப்புக் கிடையாது. அதை எதுகை மோனைக்குள் அடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தானாக விழும் மோனையை விட்டுவிடலாம், தேடிப் போக வேண்டாம். ஒரு கவிதையை முடித்ததும் மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சுக்குத் திணறும் இடத்தில் வரியைத் தவறாக முறித்திருக்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பை வெளியிட அனுமதி வேண்டுமா?

வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும். அவர் 2019இல் காலமானதால் 2089 வரை உரிமை வாரிசுகளிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். மொழிபெயர்ப்பும் அந்த உரிமைக்குள் அடங்கும். விமரிசனக் கட்டுரையில் சில வரிகளை எடுத்துக்காட்டுவது வேறு, முழுக் கவிதையை முகநூலில் போடுவது வேறு.

அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கவிதைகளின் தலைப்பு, எடுத்த நூலும் ஆண்டும் பக்கமும், எத்தனை பிரதி, விலையா இலவசமா, இணையத்திலும் வருமா, நன்றி வரி எப்படி அமையும், மாதிரிக்கு இரண்டு மொழிபெயர்ப்பு. பிரதி எண்ணிக்கையைச் சொல்லாமல் ‘ஒரு சிறு நூல்’ என்று எழுதினால் பதில் வராது, அல்லது மேலும் மூன்று கடிதம் எழுத வேண்டிவரும். நூலின் அட்டை அச்சடித்த பிறகு அனுமதி கேட்பது ஊர் வழக்கம், செய்யாதீர்கள்.

கவிதைகளோடு தொடர்புள்ள எந்த இடங்களைப் பார்க்கலாம்?

அரை நாள் போதும். கோட்டையில் தொடங்குங்கள். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தது. உள்ளே அவர்கள் 1706இல் கட்டிய தேவாலயம் போர்க்காலத்தில் இடிந்து போனது, இப்போது அடையாளங்களே மிச்சம். அங்கிருந்து பிரதான வீதி வழியாகப் பறங்கித்தெருப் பக்கம். பெயர் மட்டும்தான் அந்தச் சமூகத்தை நினைவு வைத்திருக்கிறது. பிறகு நல்லூர். இன்றைய கந்தசுவாமி கோயில் 1734இல் எழுந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, அதாவது ஒல்லாந்தர் ஆட்சியில். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எழுத்தில் தொகுக்கப்பட்டதும் அதே ஆட்சியில், 1707ஐ ஒட்டி. கவிஞரின் தகப்பன் வழி ஆட்சிக் காலத்தில்தான் அவருடைய புகுந்த வீட்டின் கோயிலும் சொத்துச் சட்டமும் இன்றைய உருவம் எடுத்தன. கோட்டை மதிலில் நின்று இதை யோசித்துப் பார்த்துவிட்டு ‘நல்லூர்’ கவிதையை வாசியுங்கள்.

திருவிழாக் காலத்தின் இருபத்தைந்து நாளும் இந்தச் சுற்றுக்கு உதவாது. வீதி மறிப்பும் கூட்டமும் ஒரு கவிதையை வாசிக்க விடாது. நல்லூருக்கு ஆண்கள் மேலாடை கழற்றியே உள்ளே போகவேண்டும் என்பது வெளியூர் நண்பர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியது.

வேறு யாரோடு சேர்த்து வாசிக்கலாம்?

ஆன் ரணசிங்க (1925–2016). ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாசிகளுக்குத் தப்பி, இலங்கையரை மணந்து கொழும்பில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர். 1983 யூலையைப் பற்றி அவரும் எழுதியிருக்கிறார். தமிழில் என்றால், 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பெண்கள் கவிதைத் தொகுப்பான ‘சொல்லாத சேதிகள்’. அதே பத்தாண்டு, அதே நெருப்பு, உள்வீட்டுக் குரல்கள். ஜீனுடைய கவிதைகளுக்கு அருகில் வைத்தால் எது வெளியிலிருந்து பார்த்தது, எது உள்ளிருந்து வெடித்தது என்பது விளங்கும்.

தம்பிமுத்துவோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அச்சுவேலியில் பிறந்து லண்டன் போய்க் கவிதைச் சஞ்சிகை நடத்திய அவர் வேறு கதை. ஆங்கிலம் ஒன்றுதான் பொது.

வாசிப்பு நிகழ்வு ஒன்றை எப்படி நடத்துவது?

ஒன்றரை மணி நேரம், ஆறு கவிதை. அதற்கு மேல் வேண்டாம். மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிராக உள்ள தாளை வந்தவர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள். ஆங்கிலத்தை ஒருவர், தமிழை இன்னொருவர். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டும் ஒரே குரலில் கரைந்துவிடும். ஒவ்வொரு கவிதைக்குப் பிறகும் பத்து நிமிடம் சபைக்கு.

கெடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்று போய்க் கவிதைக்குக் கால் மணி நேரம் மிஞ்சும். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டால் பேச்சாளர் கொஞ்சமாவது அடங்குவார். கொஞ்சம்தான்.

இருமொழிப் பதிப்பு அச்சிடும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

ஐந்தரைக்கு எட்டரை அங்குல அளவு நூல் என்றால், மூலம் இடது பக்கம், தமிழ் வலது பக்கம். இருபது கவிதை, பாதிக்கு மேல் இரண்டு பக்கம் நீள்பவை, முன்னுரையும் சேர்த்தால் 80 பக்கம் வரும். பதினாறு பக்கப் படிவத்தில் ஐந்து. 82 ஆகிவிட்டால் ஆறாவது படிவத்துக்குக் காசு போகும், ஆகவே முன்னுரையைச் சுருக்குங்கள், கவிதையை நெருக்காதீர்கள்.

தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளும். எழுத்தளவு 11 என்றால் நீண்ட வரிகள் மடிந்து அடுத்த வரிக்கு இறங்கும். மடிந்த துண்டை இரண்டு எழுத்து உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது புது வரி என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இரு பக்கமும் பந்திகள் ஒரே உயரத்தில் தொடங்குவதும் முக்கியம்.

ஐஎஸ்பிஎன் எண் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்க வேண்டும். அட்டை முடிவதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக எழுத்துரு. இங்குள்ள பல அச்சகங்களில் இன்னும் பாமினியில்தான் பக்கம் கட்டுகிறார்கள். நீங்கள் யூனிகோட்டில் கொடுத்ததை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும். அதைவிடப் பெரிய கூத்து, பக்கம் முழுவதையும் தெரிவு செய்து பாமினி போட்டால் ஆங்கில மூலமும் தமிழ் எழுத்துகளாக மாறி, பொருளில்லாத ஒரு கவிதை இடது பக்கத்தில் கிடக்கும். திரையில் பார்த்துத் தலையாட்டாமல், எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎப்பை வாங்கித் தாளில் அச்செடுத்து, மூலத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு முறை. தலைப்புகளையும் பக்க எண்களையும் மூன்றாம் முறை தனியாக.